படம் பாக்குறது இல்ல, டிவிதான் விஷயம்
அரை மணி நேரம் நெட்ல படம் பாத்தா கார்ல 6 கிலோமீட்டர் போன அளவுக்கு கார்பன் வருதுன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, இது 2019ல பிரான்ஸ்ல ஷிப்ட் புராஜெக்ட்னு ஒரு அமைப்பு சொன்ன கணக்கு சார், 1.6 கிலோன்னு. அப்புறம் அவங்களே டேட்டாவ அளக்குற பிட்டையும் பைட்டையும் குழப்பிட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க, ஒரு பைட்டுக்கு 8 பிட், அங்கயே கணக்கு 8 மடங்கு கூடிப்போச்சு. சர்வதேச எரிசக்தி முகமை 2020ல திருப்பி கணக்கு போட்டப்ப ஒரு மணி நேரத்துக்கே சுமார் 36 கிராம்தான் வந்துச்சு. இன்னும் பழைய நம்பரையே எத்தனை நாள் ஓட்டுவீங்க?

இந்த கார்பன் படம் பாக்க ஆகுற கரண்டாலதான் வருது, அந்த கரண்ட்லயும் பெரும்பங்கு படத்த சேமிச்சு அனுப்புற, எங்கயோ இருக்குற டேட்டா சென்டர்ல போகல, நம்ம ஹால்லதான் போகுது. 50 இஞ்ச் டிவி 100 வாட்ஸ்னு வைங்க, 10 மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், அதே படத்த போன்ல பாத்தா அதுல ரொம்ப சின்ன பங்குதான் ஆகும். எங்க வீட்ல அப்பா யூடியூப்ல பழைய பாட்ட போட்டுட்டு சேர்லயே தூங்கிடுவாரு, அது பாட்டுக்கு விடிய விடிய ஓடும், ஆஃப் பண்ணா மட்டும் டக்குனு முழிச்சிட்டு "கேட்டுட்டுதானடா இருக்கேன்"ம்பாரு 😄

செட் டாப் பாக்ஸ் கதை தனி. ரிமோட்ல அணைச்சா அணைஞ்சிடுச்சுன்னு நினைக்கிறோம், தொட்டுப் பாருங்க, காலைலயும் சூடா இருக்கும். சும்மா 10 வாட்ஸ் இழுத்தாலே ரெண்டு மாச பில்லுல 14 யூனிட் வந்துரும். நான் இப்பல்லாம் ராத்திரி சுவிட்சையே அணைச்சிடுறேன், காலைல அம்மா சேனல் வர லேட்டாகுதுன்னு திட்டுறாங்க, அது வேற.