கல்லாவில் கை வைக்கிற மசோதா

எங்கள் வளவில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. உள்ளே ஐயாவின் ரங்கூன் கடைப் பேரேடு. கறையான் தின்றதுபோக எஞ்சிய கடைசிப் பக்கத்தில் புது வரவு இல்லை, செலவு இல்லை; பாக்கி மட்டும் நிற்கிறது. 1964-ல் நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டதோடு சரி. அப்பச்சி அதற்கு வராக்கடன் என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தப் பழக்கமோ என்னவோ, பர்மா ராணுவம் பற்றிய செய்தியில் நான் கண்டனங்களைத் தாண்டிப் போய்க் கணக்கைத்தான் தேடுகிறேன். 2025-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவரப்பட்ட 'பிரேவ் பர்மா' மசோதா எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். ராணுவத்தின் கல்லாவுக்குப் பணம் போகும் பர்மா அரசு எண்ணெய் எரிவாயு நிறுவனம், மியான்மா பொருளாதார வங்கி, விமான எரிபொருள் வியாபாரம் ஆகியவற்றின்மீது தடை விதிப்பதா வேண்டாமா என்று அதிபர் முடிவெடுத்துச் சொல்லியாக வேண்டும் என்கிறது.

விமான எரிபொருள் எதற்கு என்பவர்கள் பசிஜி கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 11, சகாயிங் பகுதி. ஓர் அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தவர்கள்மேல் ராணுவ விமானம் குண்டு வீசியது. பின்னாலேயே ஹெலிகாப்டர் வந்து சுட்டது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

2022 டிசம்பரிலேயே அமெரிக்காவில் ஒரு பர்மா சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. ஆனால் எரிவாயு நிறுவனத்துக்குத் தடை 'விதிக்கலாம்' என்றுதான் அதில் இருந்தது. கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தவனுக்குத் தெரியும்: 'திருப்பித் தரலாம்' என்று எழுதிய பத்திரத்தை வைத்து ஒரு காசு வசூலிக்க முடியாது.

நாம் மட்டும் என்ன யோக்கியமா? 1930-களின் மந்தத்தில் அடமானம் மூழ்கி, கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த விவசாயி நம்மைச் சபித்ததில் நியாயம் இருந்தது. இன்று குண்டு விழுவதும் அவன் பேரப்பிள்ளைகள் தலையில்தான்.

"அவர்கள் நாட்டு விவகாரம், நமக்கென்ன தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன், பர்மா தேக்குத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. பர்மாவின் ஷ்வே எரிவாயு வயலில் அந்த அரசு எரிவாயு நிறுவனத்தோடு பங்கு வைத்திருப்பவர்களில் நம் அரசு நிறுவனங்களான ஓஎன்ஜிசி விதேஷும் கெயிலும் உண்டு என்றேன். பேச்சை மழை பக்கம் திருப்பிவிட்டார்.

நம் எம்.பி.க்களில் ஒருவர் மக்களவையில் எழுந்து, அந்தப் பங்கின் பணம் எந்தக் கல்லாவுக்குப் போகிறது என்று கேட்கட்டும். தகரப் பெட்டியோடு டில்லிக்கு வர நான் தயார்.