அலைதானே, அடுத்தது வரும் என்றவருக்கு

இன்னும் ஆறவில்லை. ராத்திரி வீடு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்ததிலிருந்து வயிறு எரிகிறது. உருப்படியான அலை வந்ததே பதினேழு படத்தில்தான், அந்தப் பதினேழிலும் ஒரே முதுகு, ஒரே ஆரஞ்சு ஜாக்கெட்.

கிராண்ட் ஹேவன், மிச்சிகன் ஏரிக்கரை. டெட்ராய்ட் பக்கமிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் போனேன். மேற்குக் காற்று நன்றாக அடிக்கிற, அதே சமயம் அடிவானம் தெளிவாக இருக்கிற ஒரு சனிக்கிழமைக்காக மூன்று வாரம் வானிலையைப் பார்த்துக் காத்திருந்தேன். டிரைபாடின் காலை மணலில் ஆழ இறக்கி, ஃபில்டர் மாட்டி, ஒரு மணி நேரம் முன்னாலேயே நின்றாயிற்று. அலை திரும்பும்போது தண்ணீர் கோடு கோடாக இழுபடும், ஈர மணலில் வானத்துச் சிவப்பு அப்படியே இறங்கும். அரை விநாடி ஷட்டரில் அதைப் பிடிக்கத்தான் இவ்வளவும்.

சூரியன் தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும்போது வந்தார் மனிதர். அத்தனை நீளக் கரையில் என் கேமராவுக்கு நேர் எதிரே பத்தடியில் நின்று போனைத் தூக்கினார். ஃபிளாஷ் அடிக்கிறது. சூரியனுக்கு ஃபிளாஷ்! நான் டிரைபாடைப் பிடுங்கி இடதுபக்கம் நட்டேன், அவரும் இடதுபக்கம் வந்தார். வலதுபக்கம் போனேன், அப்போதுதான் குடும்பத்தையே கூப்பிட்டார். ஒவ்வொருவராக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, சூரியனை உள்ளங்கையில் வைத்துப் படம். கண்ணாடி மாதிரி இருந்த ஈர மணல் முழுக்கக் காலடி. இரண்டு நிமிஷம் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று தன்மையாகத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அலைதானே, அடுத்தது வரும்."

வராது ஐயா! கடலென்றால் எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலைகூட நாள் கழித்துக் கரைக்கு வரும். ஏரிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஓதம், அதாவது நிலா இழுத்துத் தண்ணீர் ஏறி இறங்குவது, ஐந்து சென்டிமீட்டர்கூடத் தேறாது, காற்று ஒன்றுதான் கதி. எதிரே இருக்கிற விஸ்கான்சின் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் இந்த அலை. காற்று விழுந்தால் சில மணி நேரத்தில் ஏரி தட்டையாகிவிடும். சூரியனோ தண்ணீரைத் தொட்டால் மூன்று நிமிஷத்துக்குள் காணாமல் போய்விடும். அந்த மூன்று நிமிஷத்தையும் ஒருவர் முதுகைப் பார்த்தே கழித்தேன். மறுநாள் காலையில் ஏரி குளம்போலக் கிடந்ததாம், அங்கே தங்கியிருந்த நண்பர் சொன்னார்.

சரி, வயிற்றுக்காவது ஏதாவது போடலாம் என்று ஊருக்குள் போனால் எட்டரைக்கே கடையை அடைத்துவிட்டார்கள். உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் மேசை துடைத்துக்கொண்டிருக்கிறார், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். கோடைக் கூட்டம் போய்ச் செப்டம்பர் பிறந்தால் மனிதர்களுக்குப் பசிக்காதா?