ஒரே ஒரு முட்டை

ஜவ்வாது மலையில் ஒரு கழுகைப் பிடித்துக் கட்டிய அந்த வீடியோவை நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. அதைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில். எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். காலில் நைலான் கயிறு. இறக்கையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்து நிற்கும் இரண்டு பேர். பின்னால் பைக் ஹாரன், "கோழித் திருடன் மாட்டிக்கினான்" என்று ஒரு குரல். வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் நான்கு நாட்களாக அதுதான் ஓடுகிறது. அந்தப் பறவை மூன்றாம் நாள் செத்துப்போனதை மட்டும் எந்தக் குழுவிலும் யாரும் போடவில்லை.

அது கோழித் திருடன் இல்லை. கொண்டைப் பாம்புக் கழுகு. மஞ்சள் கால், பிடரியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டை, விரித்த இறக்கையின் அடியில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. அவர்கள் இழுத்துப் பிடித்த இறக்கையிலேயே அந்தப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. அதன் சாப்பாடு பாம்பு, ஓணான், தவளை, எலி. கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, கீழே ஏதாவது ஊர்ந்தால் இறங்கும். ஜவ்வாது மலைக் காட்டில் அதற்குப் பாம்புக்கும் ஓணானுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. அந்தக் கழுகு ஒரு முட்டைதான் இடும். வருடத்துக்கு ஒன்று. எப்போதாவது இரண்டு இட்டாலும் ஒரு குஞ்சுதான் தேறும். தாய் சுமார் 41 நாள் அடைகாக்க வேண்டும். குஞ்சு பொரித்து இறக்கை முளைத்துப் பறக்க இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம் முழுக்க மரம் விழக் கூடாது, அப்பனோ ஆத்தாளோ சாகக் கூடாது. பனிக்காலம் முடிகிற சமயம்தான் அவை கூடு கட்டும். இப்போது பங்குனி. செத்த கழுகுக்கு ஒரு கூடு இருந்ததா, அதில் என்ன இருந்தது என்று அந்த நான்கு நாட்களில் ஒருவராவது கேட்டீர்களா?

"ஒரு கழுகு செத்தா காடே அழிஞ்சிடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அழியாது. ஆனால் ஒரு முட்டை இடுகிற பறவையில் வளர்ந்த ஒன்று போனால், அந்த இடத்துக்கு இன்னொன்று வரப் பல வருடம் ஆகும். பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, நினைத்துப் பாருங்கள். பாலாற்று மணலில் செத்த மாட்டைப் போட்டால் பாறுகள் வட்டமடித்து இறங்கும் என்று அப்பா சொல்வார். நான் ஒன்றைக்கூட அங்கே பார்த்ததில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். இத்தனை வருடம் ஆகியும் அவை திரும்பி வரவில்லை. ஏன்? அதுவும் ஒரு முட்டை இடுகிற பறவைதான்.

மலைக்காரரின் கோழிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். நியாயமான கேள்வி. குடுமிக் கழுகு, அது வேறு கழுகு, சில நேரம் வீட்டுக் கோழியைத் தூக்கும். வல்லூறு குஞ்சைத் தூக்கும். இல்லையென்று நான் சொல்லவில்லை. சிறுத்தை ஆட்டை அடித்தால் இழப்பீட்டுக்கு மனு எழுதலாம். குஞ்சைத் தூக்கிய பறவைக்கு யாரிடம் போய் மனு கொடுப்பது? நான்கு குஞ்சு போனால் அந்த வீட்டுக்கு அது நஷ்டம்தான். முதல் சில வாரம் குஞ்சுகளைக் கூடையில் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும் என்று எங்கள் ஆயா காலத்திலிருந்தே தெரியும். ஆனால் சாமை அறுக்கப் போகிறவர் எந்நேரமும் கூடையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதே. இதற்கு அரசு ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

அதற்காக அந்த வீடியோவை மலைக்காரர் தலையில் கட்டாதீர்கள். பறவையைப் பிடித்து நின்றவர்கள் மலைக்காரர்கள் இல்லை. பைக்கில் சுற்றிப் பார்க்க ஏறி வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கோழி ஒன்றும் போகவில்லை.

"ஆம்பூர் பிரியாணி துன்னுட்டு கழுகுக்கு அழுவுறான்" என்றவருக்கு: ஆமாம், நானும் கறி தின்கிறவன்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்து.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நெருங்கிய நண்பர் ஒருவரே கேட்டுவிட்டார். அது வலித்தது. சொல்கிறேன். பத்து வயதில் ஒடுகத்தூரில் ஆயா வீட்டு வேப்பமரத்தில் இருந்த ஒரு வல்லூறை நான் உண்டிகோலால் அடித்தேன். ஒரே கல். விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆயாவிடம் காட்டினேன். கோழிக்குஞ்சைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஆயா என்னை அடிக்கவில்லை. "இது ஆத்தாளோ அப்பனோ, கூட்டுல எது கத்திக்கினு கீதோ" என்று மட்டும் சொன்னாள். அதன் ஜோடி இரண்டு நாள் அந்த மரத்தைச் சுற்றிக் கத்தியது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. அந்த வீடியோவில் சிரிக்கிற பையனைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. அவனை ஜெயிலில் போடு என்று நான் எழுதவில்லை. ஆனால் சட்டம் எழுதியிருக்கிறது: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தப் பறவை இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவன் அப்பா அம்மாவுக்கு இது தெரியுமா?

முதன்முதலாக நான் இந்தக் கழுகைப் பார்த்தது ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகிற வழியில். வானாய்வுக்கூடத்தில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்ட அப்பா கூட்டிப்போனார். திரும்பும்போது பேருந்து சன்னல் வழியே, சாலையோரப் பட்டமரத்தில் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நட்சத்திரம் பார்க்க நம் மலைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த மலையின் மேலே பகலில் சுற்றுகிற கழுகை நமக்கு அடையாளம் தெரியவில்லை. இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று. கயிறு கட்டுகிறவன் மட்டும் இல்லை, மரத்தை வெட்டுகிறவனும்தான். இந்தக் கழுகு கூடு வைப்பது ஓடையோரத்து உயர்ந்த மரத்தில். தான்றி, கருமருது மாதிரி. அந்த அளவுக்கு ஒரு மரம் வளரப் பல பத்து வருடம் ஆகும். ஏலகிரியில் பார்வை மறைக்கிறது என்று மரத்தை எடுக்கிறார்கள். ஜவ்வாதிலும் தங்கும் விடுதிகள் வர ஆரம்பித்துவிட்டன. வீடியோவுக்குக் கோபப்பட்ட பலர் அந்த விடுதிகளில் பால்கனியில் நின்று எடுத்த படங்களைத்தான் போன மாதம் போட்டார்கள். என் நண்பர்கள்தான். படித்துவிட்டு வருத்தப்படுவார்கள். படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருந்தேன். பிடித்த இடத்திலிருந்து அதிக தூரம் இல்லை. ஓடையோரத் தான்றியில் ஒரு கூடு இருக்கிறது. கிட்டே போகவில்லை, கீழிருந்து பைனாகுலரில் பார்த்ததோடு சரி. பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் கொண்டைப் பாம்புக் கழுகு ஒன்று மேலே வந்து சுற்றியது. நீட்டி நீட்டிக் கூப்பிட்டது. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் பதில் குரல் கேட்கவில்லை.

எந்த ஓடை என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு, கேமரா வைத்திருப்பவர்களையும் சேர்த்துத்தான்: சொல்ல மாட்டேன்.