தூதரகச் செலவுக்கு ரசீது கேட்கலாமா?

சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்ட விவாதம் முடிந்த கையோடு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த முறை கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்காளரான ஓர் அண்ணன். "தம்பி, வெளிநாட்டுல ஒரு தூதரை வைக்கிறதுன்னா வீட்டு வாடகை, கார், பிள்ளைங்க பள்ளிக்கட்டணம், விருந்துச் செலவு எல்லாம் நம்ம வரிப்பணம். போட்ட காசுக்கு என்ன கிடைச்சுதுன்னு யாராவது கணக்குக் காட்டுறாங்களா?"

குழுவில் எழுதினால் நீண்டுவிடும், அண்ணே. அதனால்தான் இங்கே.

கேள்வி நியாயமானது. "ராஜதந்திரத்தை எல்லாம் அளக்க முடியாது" என்று சொல்லி வாயடைப்பவர்கள் பக்கம் நான் இல்லை. அன்னாசி டார்ட் (அன்னாசி வைத்த பலகாரம்) வழக்கை மறந்துவிட்டோமா? வெளிநாட்டு விருந்தினர் மரியாதைகளைக் கவனித்துக்கொண்ட மூத்த அதிகாரி ஒருவர், வாங்காத டார்ட்டையும் ஒயினையும் வாங்கியதாகக் கணக்கெழுதி, வெளியுறவு அமைச்சிடமிருந்து சுமார் 89,000 வெள்ளி ஏமாற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 2014ல் அவருக்கு 15 மாதச் சிறை. டார்ட்டை எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும்.

மக்களுக்கு நேரடியாகச் செய்யும் சேவையும் அப்படித்தான். நம்மில் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது திருச்சிக்கோ மதுரைக்கோ பறக்கிறோம். அங்கே கடப்பிதழ் தொலைந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா? போலிசில் புகார் கொடுக்க வேண்டும். சென்னையில் இருக்கும் நம் துணைத் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் வாங்க வேண்டும். அது கையில் கிடைத்தாலும் இந்தியக் குடிநுழைவு அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி பெறாமல் விமானம் ஏற முடியாது. எத்தனை மணி நேரத்தில் ஆவணம் கிடைத்தது, நள்ளிரவில் அழைத்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் பேசினார், ஊர்ப் போலிசிடம் பேச உதவினார்களா? இவற்றை ஒவ்வொரு தூதரகத்துக்கும் தனித்தனியாக வெளியிடலாம். வெளியிட்டால் குடியா முழுகிவிடும்?

சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. 2018 ஜூன் 12, நம் செந்தோசா தீவில் அமெரிக்க அதிபர் டிரம்ப் - வடகொரியத் தலைவர் கிம் சந்திப்பு. நமக்கு ஆன செலவு 16.3 மில்லியன் வெள்ளி என்று அமைச்சு சொன்னது. உடனே ஓர் ஊடக ஆய்வு நிறுவனம், சிங்கப்பூருக்குக் கிடைத்த இலவச விளம்பரத்தின் மதிப்பு 700 மில்லியன் வெள்ளிக்கும் மேல் என்று கணக்குப் போட்டது. அதைப் பகிர்ந்து பெருமைப்பட்டவர்கள் ஏராளம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையே கிடையாது. செய்தியில் ஊர்ப்பெயர் வந்த இடத்தையெல்லாம் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி எடுத்த எண் அது. அடுத்த பிப்ரவரியில் ஹனோயில் அதே இருவரும் உடன்பாடு இல்லாமல் எழுந்து போனார்களே, அதற்காக அதில் எத்தனை மில்லியனைக் கழித்துக்கொள்வது?

நான் கேட்கும் கேள்வி வேறு. ஏன் இங்கே வந்தார்கள்? பாதுகாப்பு, வசதி என்று காரணங்கள் பல. ஆனால் வடகொரியாவுடன் நாம் அரசதந்திர உறவு வைத்தது 1975ல். அந்த 43 ஆண்டுகளில் அந்த உறவால் கிடைத்த ஆதாயம் என்று காட்ட பெரிதாக ஒன்றும் இல்லை. ஐநா தடைகளால் 2017ல் வணிகத்தையே நிறுத்திவிட்டோம். இருந்தும் இரண்டு தரப்பும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய ஊர் என்ற பெயர் இருந்தது. 16.3 மில்லியன் அந்த வாரத்துச் செலவு. அந்தப் பெயருக்கு ஆன செலவை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது?

நம் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். 101 வெள்ளி எழுதியவர் பெயர் வரிசையாக இருக்கும். மூன்று நாள் முன்னதாகவே வந்து நாற்காலி இறக்கியவர் பெயர் இருக்காது. ஆண்டு மதிப்பீட்டுக் குறியீடுகள் பெரும்பாலும் மொய் நோட்டுதான். அவற்றை மட்டும் வைத்துத் தூதரை எடைபோட்டால், அவரும் எண்ணக்கூடியதை மட்டுமே செய்யப் பழகிக்கொள்வார்: இத்தனை சந்திப்பு, இத்தனை கைகுலுக்கல், இத்தனை புகைப்படம்.

நமக்கும் மலேசியாவுக்கும் தகராறாக இருந்த பெட்ரா பிராங்கா என்ற சின்னத் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவைத் தன் எல்லைக்குள் காட்டி மலேசியா வரைபடம் வெளியிட்டது 1979ல். இரு நாடுகளும் சேர்ந்து அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது 2003ல். தீர்ப்பு வந்தது 2008 மே 23ஆம் தேதி: 12க்கு 4 என்று தீவு நமக்கு. இடைப்பட்ட 29 ஆண்டுகளில் எந்த ஆண்டு அறிக்கையை எடுத்தாலும் "முன்னேற்றம் இல்லை" என்றுதான் எழுதியிருக்க முடியும். செலவுக் குறைப்பு ஆலோசகர் ஒருவர் நடுவில் வந்திருந்தால் அந்த வேலையைத்தான் முதலில் வெட்டச் சொல்லியிருப்பார். கடைசியில் நீதிபதிகள் பெரிதும் எடுத்துக்கொண்ட சான்று, தீவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூர் அரசு 1953ல் எழுதிய ஒரு கடிதம். ஐம்பது ஆண்டுப் பழைய தாள். அதைப் பத்திரமாக வைத்திருந்த கோப்பறைக்கு யார் செயல்திறன் புள்ளி போட்டார்கள்?

அதற்காக "எங்களை நம்புங்கள், பலன் பிறகு தெரியும்" என்று அமைச்சு சொன்னால் தலையாட்டிவிட முடியாது. பிறகு என்றால் எப்போது? பிரிட்டனில் பொதுவாக 20 ஆண்டு கழிந்த அரசாங்கக் கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. முன்பு 30 ஆண்டாக இருந்ததைக் குறைத்தார்கள். நம்மிடம் அப்படித் தானாகத் திறக்கும் விதி இல்லை, தகவல் உரிமைச் சட்டமும் இல்லை. அயலுறவில் போட்ட பணத்துக்கு நேர்மையான தணிக்கை என்றால் அது பழைய கோப்புகளைப் படிப்பதுதான். யார் என்ன எச்சரித்தார், யார் கேட்டார், எந்தத் தூதரகம் சும்மா விருந்து வைத்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் திறக்க வேண்டியவை கம்போடியக் கோப்புகள். வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்த பிறகு, 1979லிருந்து பாரிஸ் அமைதி உடன்பாடு வந்த 1991 வரை ஐநாவில் நாம் ஆண்டுதோறும் ஆதரவு திரட்டினோம். தொடங்கியபோது வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம், அடுத்து வந்தவர் தனபாலன். பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கக் கூடாது என்ற கொள்கைக்காக நின்றோம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக, சொந்த மக்களையே கொன்று குவித்த கெமர் ரூஜ் இடம்பெற்ற தரப்புக்கே ஐநா இருக்கை தொடர வேண்டும் என்று வாக்குச் சேகரித்தோம். அந்த விலை தகுமா, அமைச்சுக்குள்ளேயே யாராவது வேண்டாம் என்று குறிப்பு எழுதினார்களா? நாற்பது ஆண்டு ஆகிறது. இனியாவது படிக்கக் கொடுக்கலாம்.