பெயின்டின் மேல் முறுக்கிய போல்ட்டுக்கு எர்த் என்று பெயரா?

சர்வர்களை அடுக்கும் இரும்பு ரேக்குக்கு எர்த் கொடுத்தாகிவிட்டது என்று அடித்துச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த போல்ட்டைக் கழற்றி அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பச்சை மஞ்சள் ஒயர் புத்தம் புதிதாக இருக்கிறது, அதன் முனையில் லக் என்னும் உலோக வளையம் ஒழுங்காக அழுத்தப்பட்டிருக்கிறது, நட்டும் இறுக்கமாகவே இருக்கிறது. ஆனால் லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் பவுடர் கோட்டிங் என்ற பெயின்ட் பூச்சு கீறல்கூட விழாமல் அப்படியே கிடக்கிறது. மரை வழியாகக் கொஞ்சம் தொடர்பு கிடைத்தாலும், துரு ஏறினால் அதுவும் போய்விடும். அந்த இடத்தைச் சுரண்டி வெற்று இரும்பைக் காட்டி, பல் வாஷர் போட்டு முறுக்குவது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமலேயே ஒப்படைப்புத் தாளில் எர்த் சரி என்று டிக் அடிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

சாக்கெட்டின் எர்த்தும் விட்டுப்போன ரேக்கைத் தொட்டுவிட்டு, "லேசாகத்தான் சுர்ரென்கிறது" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ஒவ்வொரு சர்வரின் பவர் சப்ளையிலும், இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் அறுந்ததும் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி பாடியில் வந்து நிற்கும். ஒரு கருவியின் கசிவு 1 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ரேக்கில் 20 கருவிகள் இருந்தால் 20 மில்லிஆம்பியர் ஆகிவிடுகிறது. பிடித்த பிடியை விடமுடியாமல் தசை இறுகிப்போவதற்கு 10 மில்லிஆம்பியரே போதும். இதில் லேசு எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாதது, "சுத்தமான எர்த்" வேண்டும் என்று தனியாக ஒரு உலோக ராடை மண்ணில் அடித்து, ரேக்கை அதோடு மட்டும் இணைத்துவிட்டுப் போகிற வேலை. அந்த ராடின் தடை 25 ஓம் என்றால், ஃபேஸ் ஒயர் பாடியில் பட்டாலும் அதிகபட்சம் 9.2 ஆம்பியர்தான் ஓடும். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர், உடனடியாக விழுவது உறுதியாக வேண்டுமானால் 160 ஆம்பியர் வரவேண்டும். எனவே பிரேக்கர் அசையாது. ரேக்கின் பாடி ஆளைக் கொல்லும் வோல்டேஜோடு அப்படியே நிற்கும், அடுத்து யார் கை வைப்பார் என்பது மட்டுமே பாக்கி. பழுது மின்னோட்டம் மண்ணை நம்பாமல் செம்புக் கம்பி வழியாகவே திரும்பிப் போகும்படி, ரேக்கை மின்பலகையில் எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையான எர்த் பாருடன் இணைத்தே ஆகவேண்டும். கூடுதலாக ராடு அடிக்க வேண்டுமானால் அதையும் அதே பாரில் சேர்க்க வேண்டும்.

கதவுக்குக் கீல் இருக்கிறதே என்று, கதவையும் ரேக்கையும் இணைக்கும் பின்னல் ஒயரை விட்டுவிடுவதும், ஒரு ரேக்கிலிருந்து அடுத்ததற்கு எர்த்தைத் தாவவிட்டு, நடுவில் ஒன்றைக் கழற்றினால் மிச்ச ரேக்குகள் அனைத்தும் அந்தரத்தில் நிற்கும்படி செய்வதும் இதே அலட்சியத்தின் வேறு முகங்கள்தான்.

இனி என்னிடம் ஒயரின் புகைப்படத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்க வேண்டாம். சப்ளையை நிறுத்திவிட்டு, குறைந்த ஓம் அளக்கும் மீட்டரின் ஒரு முனையை எர்த் பாரிலும் மறுமுனையை ரேக்கின் வெற்று இரும்பிலும் வைத்து, பிறகு கதவிலும் பக்கத் தகடுகளிலும் தனித்தனியாக வைத்து அளந்து, ஒவ்வொன்றும் 0.1 ஓமுக்குள் இருப்பதை எழுதிக் கொடுங்கள். அதன்பின் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.