மதுரையின் ராத்திரியை அடைக்காதீர்கள்

ஊருக்கு வரும் நண்பர்களை ராத்திரியில் கூட்டிக்கொண்டு சுற்ற மதுரையைப் போல ஓர் ஊர் கிடையாது. இதில் எனக்குச் சொந்த ஊர்ப் பாசமும் உண்டு. ஆனால் போன சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த கல்லூரிக் கூட்டாளிகளும் இதையேதான் சொன்னார்கள். அந்த ராத்திரியைப் பற்றியும், அது பாதியில் முடிந்ததைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும்.

முதலில் மீனாட்சியம்மன் கோயில், பள்ளியறை பூஜை நேரத்துக்கு. 2018-இல் நடந்த தீ விபத்துக்கு அப்புறம் உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போவதை எல்லோரும் கண்ணாலேயே பார்த்து நின்றோம். அதுவரைதான் எங்கள் கூட்டம் அமைதியாக இருந்தது.

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் ஒரே கிளாஸில் இறங்க, யார் காசு கொடுப்பது என்று நடுத்தெருவில் சண்டை. அங்கிருந்து சிம்மக்கல்லுக்கு நடந்து போய்க் கறிதோசை. தோசைமேல் முட்டை, முட்டைமேல் மட்டன் சுக்கா. "இதைச் சாப்பிட்டுட்டு எப்படிடா ஊருக்குத் திரும்பிப் போறது?" என்று பெங்களூர்க்காரன் உண்மையிலேயே கவலைப்பட்டான்.

அதற்குமேலும் வயிற்றில் இடம் இருந்தது என்பது நட்பின் பலம். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு சின்னக் கடையில் கொத்து பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். கல்லில் விழும் கொத்துக்கு ஒருத்தன் மேசையில் தாளம் போட, பக்கத்து மேசையில் இருந்த லாரி டிரைவர் அண்ணன் பழைய பாட்டு ஒன்றை எடுத்துவிட, மாஸ்டர் இன்னும் வேகமாகக் கொத்த, கடையே களைகட்டிவிட்டது. எங்களோடு வந்த தோழி ஒருத்தி சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இந்த நேரத்துல தெருவோரக் கடையில இப்படி உக்காந்து எத்தனை வருஷமாச்சு!" அவளுக்குப் பின்னால் ஓர் அக்கா, தூத்துக்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றைத் தாண்டியிருக்கும். ரோந்து வண்டி வந்து நின்றது, விசில். மாஸ்டர் அடுப்பை அணைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று கடைக்கார அண்ணன் பாதித் தட்டோடு இருந்த எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கென்ன, வயிறு நிறைந்திருந்தது. அந்த அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்து போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2019-இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது: கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். 2022-இல் அதை நீட்டித்தார்கள். நல்ல ஆணை. ஆனால் அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளுக்கு மட்டும். புருஷன், பெண்டாட்டி, ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர் என்று நடக்கும் பரோட்டாக் கடைக்கு அதில் இடமில்லை. பெரிய கடைக்கு விடிய விடிய வியாபாரம், சின்னக் கடைக்கு விசில் என்றால் இது என்ன நியாயம்?

ராத்திரிக் கடை எங்களைப் போல ஊர் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி வாசலில், உள்ளே நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு நள்ளிரவில் நாலு இட்லி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்குகிறவர்கள், கடைசி டிரிப் முடித்த கண்டக்டர்கள். இவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் இந்த ஊர் தூங்கா நகரம் என்று பேர் வாங்கியது. சங்க காலத்து மதுரைக்காஞ்சியிலேயே இந்த ஊரின் பகல் கடைவீதியோடு அல்லங்காடியும், அதாவது ராத்திரிக் கடைவீதியும், வருகிறது. ஊர்க்காவலர்களும் அதில் வருகிறார்கள். அவர்கள் மழையிலும் அலைந்து தேடுவது திருடர்களை.

கடை திறந்திருந்தால் ரௌடித்தனம் பெருகும் என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்துக்கு வந்து பாருங்கள். கைக்குழந்தையோடு பெண்கள் விடிய விடிய ரோட்டில் இருப்பார்கள். வெளிச்சமும் நாலு ஆளும் இருக்கும் இடத்தில் பயம் குறைவு. ஷட்டர்களை இறக்கி இருட்டாக்கிய தெருவில்தான் என் தோழிகளைத் தனியாக விட எனக்கு மனசு வராது.

தூங்குகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. குடியிருப்புத் தெருவில் நள்ளிரவில் பாட்டும் கூத்தும் கூடாது. ராத்திரி 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு ஏற்கெனவே தடை உண்டு, அதைக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள். பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, மார்க்கெட் பக்கம் மட்டும் சின்னக் கடைகளை விடிய விடிய விடுங்கள். அங்கே நல்ல விளக்கும், பெண்கள் தயங்காமல் போகிற கழிப்பறையும் வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2014-ஆம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு இருக்கவேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்கவேண்டும். எந்த இடத்தில், எந்த நேரம்வரை கடை போடலாம் என்று அந்தக் குழு பேசி முடிவெடுத்து எழுத்தில் கொடுத்தால், கடைக்கார அண்ணன் விசிலுக்குப் பயப்படாமல் அந்தக் காகிதத்தைக் காட்டலாம். மதுரைக்காரர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள். நான் இந்த வாரமே எங்கள் கவுன்சிலருக்கு மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.