பிட்புல் நாயின் தாடை பூட்டிக்கொள்வதில்லை

"பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், நாயைக் கொன்றால்தான் வாய் திறக்கும்" என்றொரு செய்தி திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய்.

எந்த இன நாயின் தாடையிலும் பூட்டு எலும்போ கொக்கியோ கிடையாது. பிட்புல்லுக்கும் நம் தெருநாய்க்கும் ஒரே வகை மூட்டு, ஒரே வகைத் தசைகள். கன்னத்திலும் மண்டையின் பக்கங்களிலும் உள்ள தசைகள் சுருங்கும்போது வாய் மூடுகிறது. அவை தளர்ந்ததும் விடுகிறது. கடித்ததை விடாமல் பிடித்து உலுக்குவது, பிட்புல் போல டெரியர் என்ற வேட்டைநாய் வகையின் வழிவந்த நாய்கள் பலவற்றின் பழக்கம். அதைப் பார்த்துத்தான் பூட்டுக் கதை கட்டப்பட்டிருக்க வேண்டும். எந்த மிருக வைத்தியரிடமும் கேட்டுச் சரிபார்க்கலாம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று எழுதமாட்டேன். வலிமையான நாயின் கடி ஆழமாக இறங்கும். பிரித்தானியா 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிட்புல் டெரியரைத் தடை செய்தது. இனத்தைத் தடுப்பதா, வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவதா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. இங்கும் பேசுவோம், உண்மையை வைத்துக்கொண்டு.

உப்புவெளியில் ஒரு வீட்டு முற்றத்தில், தலை சற்றுப் பெருத்த கலப்பின நாயொன்றைப் பிட்புல் என்று சொல்லிப் பிள்ளைகள் கல்லால் எறிந்தார்கள். சங்கிலியில் கிடந்த அது வாலைச் செருகிக்கொண்டு மதிலோடு ஒட்டி நின்றது. மனம் பொறுக்கவில்லை.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் இதை அனுப்புங்கள்: எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.